பருவமும் பொறுப்பும்: கத்தோலிக்க நோன்பு மரபில் உடைமை பற்றிய அறச்சிந்தனை

முன்னுரை

ஒருவர் தம் கையிலுள்ள பொருளைப் பிறர்க்கு வழங்கும்போது தமக்குரியதைக் கொடுக்கிறாரா, தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை உரியவரிடம் சேர்க்கிறாரா என்பது அறவியலின் பழமையான வினாக்களுள் ஒன்று. முன்னதை ஈகை என்றும் பின்னதைப் பொறுப்பாண்மை என்றும் கொள்ளலாம். கத்தோலிக்க மரபு பின்னதை வலியுறுத்துகிறது. கொள்கையளவில் இதனை ஏற்பது எளிது. அன்றாட வாழ்வில் ஒழுகுவது அரிது. இவ்விடைவெளியை நிரப்புவதில் வழிபாட்டு ஆண்டின் பருவ நோன்புகளும் விழாக்களும் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் உவமையின் தலைமை மாந்தரைக் கிரேக்க மூலம் 'ஒய்கோனொமோஸ்' என்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவரை 'உக்கிராணக்காரன்' என்றும், பிற்காலப் பொது மொழிபெயர்ப்பு 'வீட்டுப் பொறுப்பாளர்' என்றும் சுட்டுகின்றன. உக்கிராணம் என்பது பண்டசாலை. அதன் திறவுகோல் பொறுப்பாளரிடம் உண்டு; உள்ளிருக்கும் பண்டம் அவருடையதன்று. உவமையில் சிக்கல் தொடங்குவது தலைவர் கணக்குக் கேட்கும் நாளில் என்பது நோக்கத்தக்கது. அந்நாளைப் பொறுப்பாளர் தேர்ந்துகொள்வதில்லை.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் உடைமையை இரு கூறாகப் பகுத்தார். பொருளை ஈட்டவும் பகிர்ந்தளிக்கவும் தனிமனிதர்க்கு உரிமையுண்டு. ஆனால் அதனைத் துய்க்கும்போது பொதுவானதாகக் கருதித் தேவையுள்ளோர்க்கு மனமுவந்து அளிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இக்கருத்தை மீண்டும் உறுதிப்படுத்தியது. வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் 22, 23ஆம் அதிகாரங்களாகத் தனித்தனியே வைத்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஒப்புரவைப் பரிமேலழகர் உலகநடையோடு பொருத்தி விளக்குவார். கத்தோலிக்கப் பொறுப்பாண்மையோ படைத்தவரின் உரிமையிலிருந்து தொடங்குகிறது. தொடக்கம் வேறாயினும், கொடுத்தலைக் கொடுப்பவரின் பெருமையாகக் கொள்ளாமல் கடப்பாடாகக் கொள்வதில் இரண்டும் நெருங்கி வருகின்றன.

ஆயினும் இச்சொல்லில் ஓர் இடர் உண்டு. தம்மை வெறும் பொறுப்பாளர் என்று கூறிக்கொள்ளும் செல்வர், எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பவற்றைத் தாமே முடிவுசெய்வாராயின் அவர் நடைமுறையில் உரிமையாளராகவே நீடிக்கிறார். பருவ அனுசரிப்புகளின் அறப்பயன் இவ்விடத்தில்தான் புலனாகிறது.

பருவமும் அளவும்

தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. அந்நாள் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் அமையும். ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் சேமித்த உணவு குறைந்துவரும் காலம் அது. காவிரிப் படுகையிலோ சம்பா அறுவடை முடிந்து குதிர் நிறைந்திருக்கும் காலம். அங்கே பற்றாக்குறையோடு இணைந்து நின்ற நோன்பு, இங்கே நிறைவின் நடுவே மேற்கொள்ளப்படுகிறது. இருக்கும்போது கைநிறுத்துவது இல்லாதபோது பொறுத்துக்கொள்வதினும் வேறான பயிற்சி எனலாம்.

தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ஒருவேளை மட்டும் முழு உணவு கொள்வது ஒருசந்தி. இறைச்சி விலக்குவது சுத்தபோசனம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயதைத் தொடங்காதவர் வரை திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்தி காக்கக் கடமைப்பட்டவர்கள். நாளும் அளவும் தனிமனிதர் விருப்புக்கு விடப்படவில்லை. நோன்பில் மிஞ்சியது ஏழைக்குச் சேராமல் வீட்டிலேயே தங்குமாயின் அது சிக்கனமேயன்றி நோன்பாகாது. எனவேதான் இம்மரபு இறைவேண்டல், நோன்பு, ஈகை ஆகிய மூன்றையும் பிரிக்காமல் வைக்கிறது.

மேற்குக் கரையில் மங்களூர்க் கத்தோலிக்கர் செப்டம்பர் 8ஆம் நாள் அன்னை மரியாவின் பிறப்பு விழாவைப் புதிர் விழாவாகக் கொண்டாடுகின்றனர். வேளாங்கண்ணிப் பெருவிழாவும் அந்நாளே. புது நெற்கதிர் ஆலயத்தில் மந்திரிக்கப்பட்டுக் குடும்பந்தோறும் வழங்கப்படுகிறது. அதன் மணிகளைப் பாலிலோ பாயசத்திலோ கலந்து குடும்பத்தார் கூடியிருந்து உண்கின்றனர். அன்றைய விருந்து மரக்கறி உணவாக அமைகிறது. மனிதர் விளைவித்த கதிர் அவர்க்கே கொடையாகத் திரும்பி வருகிறது. உழைப்பு மறுக்கப்படவில்லை; உழைப்பு ஒன்றே உரிமைக்குப் போதுமானது என்னும் எண்ணமே மறுக்கப்படுகிறது.

கேரளத்தில் புனித சாவறா குரியாக்கோஸ் எலியாஸ் (1805–1871) பெயரோடு இணைத்துப் பேசப்படும் பிடியரிசி வழக்கம் இதனை நாள்தோறும் நிகழ்வதாக்குகிறது. உலையிலிடும் முன் ஒரு பிடி அரிசி ஒதுக்கப்படுகிறது. உண்டபின் மீந்ததைத் தருவதும் உண்ணுமுன் எடுத்துவைப்பதும் அளவால் ஒன்றாயினும் அறத்தால் ஒன்றல்ல. முன்னதில் பசித்தவர் கடைசியாக நினைக்கப்படுகிறார். பின்னதில் அவர் பங்கு முதலில் எண்ணப்படுகிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் இப்பொறுப்பின் பரப்பை மண்ணுக்கும் நீருக்கும் விரித்துக் காட்டியது. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை கடைப்பிடிக்கப்படும் படைப்பின் காலம் அச்சிந்தனைக்கும் நாள்களைக் குறித்துத் தருகிறது.

ஒரு தடையும் விடையும்

நாட்காட்டி கட்டளையிடும் நன்மை வெறும் வழக்கமாகிவிடாதா? நாற்பது நாள் ஒழுக்கம் எஞ்சிய நாள்களுக்கு விலக்களிப்பதாக ஆகாதா? இத்தடை புறத்திருந்து மட்டும் வருவதன்று. நோன்பு நாளிலேயே வேலையாள்களை ஒடுக்குவோரை எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் கடுமையாகக் கண்டிக்கிறது. வெள்ளிதோறும் சுத்தபோசனம் காத்து, வீட்டு வேலை செய்பவரின் கூலியை மாதக்கணக்கில் தாழ்த்தும் குடும்பம் சட்டத்தைக் காத்துப் பொறுப்பைக் கைவிட்டது என்றே கூறவேண்டும்.

பருவம் அறத்தை உறுதிசெய்வதில்லை என்பது உண்மையே. எனினும் பருவத்தை நீக்கிவிட்டால் கொடை கொடுப்பவரின் மனநிலையைச் சார்ந்து நின்றுவிடும். பசித்தவரோ அம்மனநிலை வரும்வரை காத்திருக்க இயலாதவர். ஆதலால் குறித்த நாள் அறத்தின் எல்லையாக அன்றி அதன் கீழ்வரம்பாகக் கொள்ளத்தக்கது. உயிர்ப்பு விழாவுக்கு மறுநாளும் கூலி உரிய நாளில் போய்ச் சேர்கிறதா என்பதே தவக்காலத்திற்குரிய உரைகல்.

முடிவுரை

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியின் காப்பியத் தலைவர் வளன் எனப்படும் சூசையப்பர். தம் குருதியிற் பிறவாத மகவைத் தம் பொறுப்பில் ஏற்று வளர்த்தவர் அவர். அவருடைய மார்ச் 19ஆம் நாள் விழா பெரும்பாலும் தவக்காலத்திற்குள்ளேயே வருகிறது. உரிமை இல்லாவிடத்தும் அன்பும் உழைப்பும் குன்றாதிருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகிறது. பொருளையும் நிலத்தையும் அவ்வாறே பேணக் கற்பிப்பதும், அக்கல்வியை ஆண்டுதோறும் புதுப்பிப்பதும் பருவ நோன்புகளின் அறப்பயன் என இக்கட்டுரையால் அறியலாம்.