கூடையோடு வந்த தகப்பன்

(தைப்பூச நாட்களில் ஆயக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நாம் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே திண்டுக்கல் சாலையில் பாதயாத்திரைக்காரர்கள் அரோகரா போட்டுக்கொண்டு போகிறார்கள். அவர்கள் போவது எந்த மலைக்கு? பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வந்த பிள்ளையை அம்மையும் அப்பனும் தேடிவந்து சமாதானம் செய்த பழநி மலைக்கு. அந்த மலையைப் பார்த்தபடி, தகப்பனைத் தேடிப் போன ஒரு பிள்ளையின் கதையைச் சொல்லப்போகிறேன். மகாபாரதத்து அரவான் கதை.

அர்ச்சுனன் ஓர் அந்தணருடைய பசுக்களைத் திருடரிடமிருந்து மீட்க வேண்டி, தருமரும் திரௌபதியும் இருந்த அறைக்குள் ஆயுதம் எடுக்கப் போனான். திரௌபதியோடு ஒருவர் இருக்கும்போது மற்றவர் உள்ளே போகக் கூடாது என்பது ஐவரும் சேர்ந்து வைத்த விதி; மீறியவன் 12 ஆண்டு வனம் போக வேண்டும், பிரம்மச்சாரியாக இருக்க வேண்டும். போனான். வீடு வாசல் கவலை இல்லை, கேட்பார் இல்லை, இன்று ஒரு துறை, நாளை ஒரு துறை. கங்கைத்துவாரத்தில், இன்றைய ஹரித்துவாரில், குளிக்க இறங்கியவனை உலூபி என்ற நாககன்னி தன் உலகத்துக்கு இழுத்துப் போனாள். அவன் விரதத்தைச் சொன்னான். அது திரௌபதியை வைத்து ஏற்பட்ட விரதம், என் உயிரைக் காப்பதும் தருமம்தான் என்றாள் அவள். ஓர் இரவு. விடிந்ததும் கரையேறிவிட்டான். அதன்பிறகு மணலூரில் சித்திராங்கதை, துவாரகையில் சுபத்திரை.

நாகலோகத்தில் உலூபியின் பிள்ளை வளர்ந்தது. அர்ச்சுனன் மேல் இருந்த பகையில் உறவுக்காரன் ஒருவனே அந்தப் பிள்ளையைக் கைவிட்டான். தாய்தான் காத்தாள். தகப்பன் இந்திரலோகத்தில் இருக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்றே பையன் கிளம்பிவிட்டான்.

தகப்பனும் பிள்ளையும் சந்திக்கும் அந்த இடத்தை வியாசர் பீஷ்ம பருவத்தில் வைத்திருக்கிறார். போர் நடுவே, பையன் சாகப்போகும் நேரத்தில், இவன் யார் தெரியுமா என்று பின்னால் திரும்பிச் சொல்கிறார். அரவான் கைகூப்பி நிற்கிறான். நான் உங்கள் மகன் என்கிறான். அதோடு விடவில்லை பாருங்கள். அம்மாவை நீங்கள் எங்கே பார்த்தீர்கள், எப்படி அது நடந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான். பெற்ற பிள்ளை தகப்பனிடம் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். அர்ச்சுனனுக்கு எல்லாம் நினைவு வந்தது. மறுக்கவில்லை, அணைத்துக்கொண்டான், முகம் மலர்ந்தது. அதுவரைக்கும் அவன் நல்ல தகப்பன்.

அடுத்த பேச்சு என்ன? போர் வரும்போது எங்களுக்கு உதவிக்கு வர வேண்டும் என்றான். பையன் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நம்ம ஊர்த் தோட்டக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பறவை எச்சத்தில் விழுந்த விதை வேலியோரம் முளைத்து, யாரும் தண்ணீர் விடாமல், ஆடு கடித்தும் தழைத்து, ஒருநாள் கிளை வளையக் காய்த்து நிற்கும். அன்றுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர், இது என் வேலிக் கொய்யா என்று கூடையோடு வந்து நிற்பார். அர்ச்சுனன் கூடையோடு வந்தான் ஐயா.

போரின் எட்டாம் நாள் அலம்புசன் என்ற அரக்கன் அரவான் தலையை வெட்டினான். அர்ச்சுனன் வேறு பக்கம் போர் செய்துகொண்டிருந்தான், மகன் விழுந்தது தெரியாது. செய்தி பிறகுதான் வந்தது. செல்வத்துக்காக உறவினரைக் கொல்லும் இந்தத் தொழில் எதற்கு என்று அப்போது கண்ணனிடம் புலம்பினான். தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் இன்னும் கொடுமையாக, போருக்கு முன்பே அந்தப் பிள்ளையே முன்வந்து களப்பலி ஆனதைச் சொல்கிறார்.

பெரியவர்கள் இப்படித் தவறுவது வடக்கே மட்டும் நடந்ததல்ல. இந்தப் பழநி மலைச்சாரலை ஆண்ட பேகன் மயிலுக்குப் போர்வை போர்த்தியவன். அவன் பிரிந்துபோன மனைவி கண்ணகி வீட்டில் தனியே அழுதாள். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் வந்து, பரிசில் வேண்டாம், வீட்டுக்குப் போ என்று அவனிடம் பாட வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் கொடுத்த கைதான்.

அரவானுக்காக இன்றும் அழுகிறவர்கள் யார் தெரியுமா? உளுந்தூர்பேட்டைப் பக்கம், அரவானே கூத்தாண்டவராக இருக்கும் கூவாகம் கோயிலில், சித்திரைப் பௌர்ணமியில், திருநங்கைகள் அவன் பெயரால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பெற்ற வீட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்ட பிள்ளைகள். தகப்பன் வாசலில் சாட்சி சொல்லி நிற்பதன் வலி அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கூட்டத்திலும் எங்கோ ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர் இருக்கலாம். அந்தப் பிள்ளை நாளைக்கே வளர்ந்து வந்து வாசலில் நிற்கலாம். யார், எவர் என்று விசாரிக்காதீர்கள். சம்பளம் எவ்வளவு, சொத்து உண்டா, எனக்கு என்ன செய்வாய் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். உள்ளே கூப்பிடுங்கள். ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். இலையைப் போட்டு உட்கார வையுங்கள்.