இறுதி வழித்துணை



திருவிளக்கேற்றுதல், திருவீதி கூட்டுதல், பூமாலை தொடுத்தல் ஆகியவை சரியைத் தொண்டுகள் எனச் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். திருவிழாக் காலத்தில் இவற்றுக்கு ஆள் குறைவதில்லை. ஆனால் ஆள் கிடைக்காத தொண்டு ஒன்று நம் ஊரில் உண்டு. மரணப் படுக்கையில் கிடப்பவரின் அருகே அமர்ந்திருப்பதே அது.

முன்னர் ஒரு வீட்டில் ஒருவர் சேடமிழுக்கின்றார் என்றால் அயலே திரண்டு வரும். இன்று பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். மாதந்தோறும் பணம் வருகிறது, தொலைபேசியில் குரலும் கேட்கிறது. கையைப் பிடித்துக்கொண்டிருக்கத்தான் ஆளில்லை.

உலகம் இத்தேவையை உணர்ந்தே இருக்கிறது. தாதியாகவும் பின் வைத்தியராகவும் பணியாற்றிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறுதிக்கால நோயாளருக்கென 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். அதற்கு முன்னரே, 1952இல், அன்னை திரேசா கல்கத்தாவில் இத்தகைய இல்லமொன்றைத் தொடங்கினார். அது அமைந்த கட்டடம் காளி கோயிலை அடுத்திருந்த யாத்திரிகர் மடம். கோயிலுக்கு வருவோர் தங்கிய இடம் உலகை விட்டுப் போவோர் தங்கும் இடமாயிற்று.

நமது சமயமும் இதற்கு வழிகாட்டியிருக்கிறது. சமயம் மாறிப்போன தம்பி சூலை நோயால் துடித்து, உடனிருந்தோர் கைவிட்ட பின் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது திலகவதியார் பழைய கணக்கைப் பார்க்கவில்லை. திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் நீதிபதியல்லர், துணை மட்டுமே.

உயிர் பிரியும் வேளையில் சிவபுராணம் ஓதுவது நம் முன்னோர் வழக்கம். "நினைவில்லாதவருக்கு ஓதி என்ன பயன்?" எனச் சிலர் கேட்பதுண்டு. 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், பேச்சுமூச்சற்றுக் கிடந்த இறுதிக்கால நோயாளர் சிலரின் மூளை, ஒலிக்கு அப்போதும் பதில்காட்டியது. ஆகவே ஓதுங்கள். கட்டிலருகே காணிப் பிரச்சினை பேசாதீர்கள்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். பால் பருக்கும் வழக்கம் நல்லெண்ணத்தில் வந்தது. ஆனால் விழுங்க இயலாதவரின் வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போகக்கூடும். பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்கினால் போதும். வேதனை கூடினால் வைத்தியருக்கு அறிவியுங்கள்.

இதனால் நமக்கு என்ன பயன்? அடியேன் கண்டதைச் சொல்கிறேன். அயலிலிருந்த ஓர் ஆச்சியின் கடைசி நாட்களில் சில இரவுகள் உடனிருந்தேன். மோட்சம் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "தம்பி, கிணற்றடி மல்லிகைக்குத் தண்ணி விட்டாச்சோ?" என்றே கேட்டார். விட்டாயிற்று என்றதும் என் கையைப் பிடித்தபடி உறங்கினார். அன்று வரை மரணவீடென்றால் படலையடியில் நின்று திரும்புகிறவன் நான். அந்த இரவுகளுக்குப் பின் அப்பயம் குறைந்தது. யாருடனோ பல வருடம் வைத்திருந்த கோபமும் அர்த்தமற்றதாகத் தோன்றியது. யாக்கை நிலையாமையை நூல்களில் படித்திருந்தேன். அதை விளங்கிக்கொண்டது அந்தக் கட்டிலடியில்தான். கொடுக்கப் போனவன் பெற்று வந்தேன்.

இதற்குப் பெரும் படிப்போ பணமோ தேவையில்லை. வாரத்தில் ஒரு மணித்தியாலமும், பொறுமையாகக் கேட்கும் காதும் போதும். திருமுறை ஓதும் நம் பிள்ளைகளும் ஓய்வுபெற்ற பெரியோரும் முறைவைத்துச் செல்லலாம். வீட்டாரின் விருப்பமறிந்து போகவேண்டும். அங்கு கண்டதை ஊரில் கதைக்கக்கூடாது.

தேரிழுக்க நூறு கைகள் சேரும் ஊரிலே, ஓர் உயிர் தனியே போகலாமா? அடுத்த திருவிழாவுக்கு முன் நம் ஒவ்வொருவரும் ஒரு கட்டிலருகே ஒரு தடவையேனும் அமர்வோம். எல்லாம்வல்ல எம்பெருமான் திருவருள் முன்னின்று நடத்துவதாக.

சிவசிவ.