அச்சமும் அறிவும்: இளையோர் போதைத் தடுப்புக் கல்வியின் அறம்

முன்னுரை

போதைப் பழக்கத்திலிருந்து இளையோரைக் காத்தல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வாறு காப்பது என்பதிலேயே அறச்சிக்கல் எழுகிறது. நன்மை கருதி உண்மையை மிகைப்படுத்தி அச்சுறுத்தலாமா? முற்றிலும் விலக இயலாதவனுக்கு இயன்ற அளவிலான அறத்தை உரைப்பது அவன் தவற்றிற்கு உடன்படுதல் ஆகுமா? இவ்விரு வினாக்களையும் பெங்களூர்ச் சூழலில் வைத்து, மணிமேகலையின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டத்தின் எல்லை

2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதைத் தடை செய்தது. 2024இல் கர்நாடகச் சட்டமன்றம் அவ்வயதை 21ஆக உயர்த்தும் திருத்தத்தை நிறைவேற்றியது. இத்தகைய சட்டங்கள் இன்றியமையாதவை. எனினும் அவற்றிற்கு எட்டாத இடமும் உண்டு. 2019இல் வெளியான தேசியப் போதைப்பொருள் ஆய்வின்படி, முகர்ந்து மயங்கும் பொருள்களைப் பயன்படுத்துவோர் பெரியவர்களில் 0.58 விழுக்காடு, சிறாரிலும் வளரிளம் பருவத்தினரிலும் 1.17 விழுக்காடு. பெரியவர்களைவிடச் சிறாரிடையே மிகுந்து காணப்பட்ட ஒரே வகை இதுவாகும். ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் பசை, தின்னர் ஆகியன வீட்டிலும் கடையிலும் எளிதில் கிடைப்பவை. விற்பனைத் தடை எட்டாத இவ்விடத்தில் சிறாரின் சொந்த அறிவே காவலாக வேண்டும். கல்வியின் தேவை இங்கே தெளிவாகிறது.

சாதுவன் காட்டும் நெறி

மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் சாதுவன், சூதால் பொருளிழந்து வாணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்தவன். கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய அவனைக் கொல்ல வந்தவர்கள், அவன் தங்கள் மொழியிலேயே பேசக் கேட்டுத் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். தலைவன் அளிக்க முன்வந்த கள்ளையும் ஊனையும் சாதுவன் மறுத்தான். மறுத்ததோடு அமையாமல் காரணமும் கூறினான். தலைவன் எள்ளி நகைத்தபோதும் சினவாது விடையளித்தான். கள்ளும் ஊனும் இன்றித் தம்மால் வாழ இயலாது என்றும், தமக்கு ஏற்ற அறத்தைக் கூறுமாறும் இறுதியில் தலைவன் வேண்டினான். கலம் உடைந்து கரை சேர்வோரைக் கொல்லாது காத்தலும், மூத்து இறந்த விலங்கின் ஊன் தவிரப் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையும் அவர்களுக்கு இயன்ற அறங்கள் எனச் சாதுவன் வகுத்தான்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சாதுவன் தளர்த்தியது கேட்போர்மேல் சுமத்தும் கட்டளையின் அளவையே, உண்மையை அன்று. கள் மயக்குவது என்ற கூற்றை அவன் திரும்பப் பெறவில்லை, தானும் அருந்தவில்லை. அச்சுறுத்தும் கல்வியோ இதற்கு நேர்மாறானது. அது கட்டளையைத் தளர்த்தாது, உண்மையைத் தளர்த்துகிறது. ஒருமுறை தொட்டாலே அழிவு எனக் கேட்ட மாணவன், தொட்ட நண்பன் நலமாக இருப்பதைக் காணும்போது, சொல்லப்பட்ட உண்மையான தீங்குகளையும் நம்ப மறுக்கிறான்.

பெங்களூர்ச் சூழல்

கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு, இந்தி எனப் பல மொழிகள் வழங்கும் இந்நகரில் மொழியறிவு தடுப்புப் பணியின் முதல் தகுதியாகிறது. இங்குள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் பள்ளி மாணவர்க்கு உருவாக்கிய வாழ்க்கைத்திறன் கல்வி, முடிவெடுத்தல், நண்பர் வற்புறுத்தலை மறுத்தல், மனஅழுத்தம் தாங்குதல் ஆகியவற்றைப் பயிற்றுவிக்கிறது. கர்நாடக அரசுடன் இணைந்து அது நடத்திய ‘யுவ ஸ்பந்தன’ திட்டத்தில், பயிற்சி பெற்ற இளைஞர்களே பிற இளைஞர்களுக்கு வழிகாட்டினர். வினவும் உரிமையைக் கேட்போனுக்கு வழங்குவதால் இம்முறைகள் சாதுவன் நெறியை ஒத்தன எனலாம்.

ஒரு மறுப்பு

நாகர் தலைவன் வளர்ந்தவன். சிறுவனுக்கும் அந்நெறி பொருந்துமா என்ற வினா எழலாம். தொடங்காதவனுக்குத் தெளிவான விலக்கே உரியது. தொடங்கியவனுக்கோ மீளும் வழி மூடப்படலாகாது. சிகிச்சைக்குத் தாமே முன்வருவோருக்குச் சில நிலைகளில் வழக்கிலிருந்து விலக்களிக்கும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே இவ்வேறுபாட்டை ஏற்கிறது. உண்மையை ஒப்புக்கொண்ட மாணவனை வெளியேற்றும் கல்விக்கூடம் மற்ற மாணவர்களுக்கு மறைக்கவே கற்பிக்கிறது.

முடிவுரை

கள்ளுண்டவனுக்குக் காரணம் கூறித் தெளிவிக்க இயலாமையைக் குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் தன் இறுதிப் பகுதியில் சுட்டுகிறது. தெளிந்திருக்கும்போது பிறர் நிலையில் தன்னைக் காணுமாறும் தூண்டுகிறது. எனவே தடுப்புக் கல்விக்குரிய காலம் தெளிவுள்ள காலமே. அதன் கருவி தன்னாய்வே. இளையோரிடம் உண்மை பேசுதல் அக்கல்விக்கு உத்தி மட்டுமன்று, கடமையும் ஆகும்.