தைத்த கைகள்

ஒருவருக்கு வாழ்வாதாரமாக இருந்த பொருள் மற்றொருவருக்குப் பொழுதுபோக்கு ஆகலாமா? ஆகும்போது அதிலிருந்து எது நழுவிப் போகிறது? கிரீன்லாந்தின் தோல்படகாகிய கயாக்கைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இவ்வினா நம்மை விடுவதில்லை.

அங்கே படகு கட்டத்தக்க மரம் வளர்வதில்லை. சைபீரிய ஆறுகள் அடித்துவரும் மரங்கள் பனிக்கடலில் நெடுங்காலம் மிதந்து வந்து கரையொதுங்கும். அவற்றைப் பொறுக்கியெடுத்துச் சட்டங்களாகச் சீவி, மரமுளைகளாலும் தோல்வாராலும் பிணைத்து, இனுயிட் மக்கள் ஒரு கூடு செய்தார்கள். அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைத்தார்கள். அலை மோதும்போது விறைத்து நில்லாமல் சற்றே நெளிந்துகொடுப்பது அதன் இயல்பு. அளவு ஏட்டில் இல்லை, உடம்பில் இருந்தது. நீளம் ஏறத்தாழ மூன்று பாகம். (இரு கைகளையும் விரித்து அளக்கும் நீளத்தை நம் கடற்கரையிலும் பாகம் என்றுதானே சொல்கிறார்கள்!) அகலம் தன் இடுப்பளவும் இரண்டு கைம்முட்டிகளும். ஆகவே ஒருவனுடைய படகு மற்றவனுக்கு எளிதில் பொருந்தாது.

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் ஓய்வு நேரத்தில் இத்தகைய படகைக் கட்டுகிறார்கள். விலாச் சட்டங்களை ஆவியில் இளக்கி வளைக்கிறார்கள். தோலுக்கு மாற்றாக நைலான் துணியை இழுத்துத் தைத்து, நீர் புகாதபடி மேற்பூச்சு இடுகிறார்கள். இதனைச் செல்வர் விளையாட்டு என்று ஏளனம் செய்வோரும் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. விலைக்கு வாங்கக்கூடிய ஒன்றை உளிபிடித்துச் செய்பவன், மரத்தின் ஓட்டத்திற்குத் தன் விருப்பத்தை வளைக்கக் கற்கிறான். அது சிறிய கல்வியன்று.

ஆயினும் அவர்களுள் சிலர், "முழுவதும் என் கையாலேயே செய்தேன்" என்று பெருமிதம் கொள்ளும்போது நம் மனம் சற்றே தயங்குகிறது. ஏனெனில் கிரீன்லாந்தின் வேட்டைக்காரன் அப்படிச் சொல்லியிருக்க இயலாது. கூட்டினை அவன் செய்தான். தோலைப் பதப்படுத்தித் தைத்தவர்கள் பெண்கள். இரு தோல்களின் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஊசி தோலை முழுவதுமாகத் துளைத்து மறுபக்கம் வந்துவிடாதபடி, பாதித் தடிப்பிலேயே நூலைச் செலுத்தித் தைப்பார்கள். துளை இருந்தால்தானே நீர் கசியும்! அவன் அணிந்த மேலாடையும், படகின் வாய் விளிம்போடு இறுகக் கட்டப்பட்டு நீரைத் தடுத்த அதே ஆடையும், அவர்கள் தைத்ததே. அந்தக் கடலில் நீந்தத் தெரிந்தாலும் நெடுநேரம் உயிர் தாங்காது. தன் மனைவியோ தாயோ இட்ட தையலை நம்பித்தான் அவன் கரையை விட்டு நீங்கினான். பிறரைச் சார்ந்திருப்பதன் வடிவமாக இருந்த ஒன்று, எவரையும் சாராமையின் சின்னமாக மாறிவிட்டதே! நழுவிப்போனது கடல்நாயின் தோல் அன்று. இதுதான் என்று நினைக்கிறோம்.

கினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1930–31இல் கிரீன்லாந்தில் தங்கிக் கயாக் செலுத்தவும், கவிழ்ந்தால் அமர்ந்தபடியே உருண்டு நிமிரவும் அம்மக்களிடம் கற்றுத் தேர்ந்தார். 1932 ஆகஸ்டு 20 அன்று தனியே கடல்நாய் வேட்டைக்குச் சென்றவர் திரும்பவில்லை. மிதந்துகொண்டிருந்த கயாக் மட்டும் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25.

பிறரைக் குறைசொல்லுமுன் நம் கரையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் கட்டுமரமும் ஆணியின்றிக் கயிற்றால் பிணைத்ததுதான். அதன் பெயர் மேலைமொழிகளுக்குச் சென்று, இன்று அங்கே இரட்டை உடல்கொண்ட உல்லாசப் படகைக் குறிக்கிறது. பெயரை இழந்ததற்காக வருந்துகிறோமே, பொருளை நாம் காத்தோமா? 2004 ஆழிப்பேரலைக்குப்பின் பல கடற்கரைகளில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. உயிரைப் பணயம் வைத்து உழைப்பவர் எளிதான கருவியை நாடுவதில் தவறில்லை. ஆனால் கட்டுமரத்தைக் கட்டத் தெரிந்த கைகளை நாம் விசாரித்ததுண்டா?

கிரீன்லாந்திலும் இயந்திரப் படகு வந்தபின் கயாக் மறையத் தொடங்கியது. 1980களில் அந்நாட்டு இளைஞர்களே சங்கம் அமைத்து அதனை மீட்டெடுத்தார்கள். ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறார்கள், வெளிநாட்டாரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உரியவர்களே வாசலைத் திறந்து வைத்திருக்கும்போது, மாணவனாக நுழைபவனைத் தடுக்க நாம் யார்?

அப்போட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட முறைகளில் கவிழ்ந்து நிமிர்ந்து காட்ட வேண்டும். துடுப்பு கைவிட்டுப் போனவன் எறிகோலைக்கொண்டு நிமிரும் முறை. அதுவும் இல்லாதவன் வெறுங்கையால் நிமிரும் முறை. மூடிய முட்டியால் நிமிரும் முறை. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு உடம்பை மட்டும் வளைத்து நிமிரும் முறை. என்றோ ஒரு வேட்டைக்காரனுக்கு நேர்ந்திருக்கக்கூடிய விபத்தின் சாயல் ஒவ்வொன்றிலும் தெரிகிறது. வேட்டைக்கே சென்றறியாத சிறுவரும், கடல்கடந்து வந்தவரும் இவற்றை ஒரே வகையில்தான் பழகுகிறார்கள். கற்பவன் தலைகீழாகக் குளிர்நீருக்குள் போகிறான். அருகே இடுப்பளவுத் தண்ணீரில், அவனுடைய கயாக்கைப் பிடித்தபடி இன்னொருவர் நின்றுகொண்டிருக்கிறார்.