கும்பிடாதவனின் கேலி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் விற்கும் ஒரு பீருக்குப் பெயர் 'பாலிகமி போர்ட்டர்'. பலதார மணத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள். வறுத்த மால்ட்டின் கருப்பும் லேசான சாக்லெட் வாசமும் கொண்ட, போதை குறைந்த பீர். புட்டியின் முகப்பில் ஒரு ஆண், அவனைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு பல பெண்கள். 'ஒன்றோடு ஏன் நிறுத்த வேண்டும்?' என்று கேட்டது அதன் விளம்பரம்.

வேறு ஊரில் இது வெறும் கடைத்தெருக் குறும்பு. யூட்டாவில் அப்படியில்லை. 1847-இல் பிரிகம் யங்கின் தலைமையில் வந்த மார்மன் சமய மக்கள் குடியேறி உருவாக்கிய மண் அது. அவர்களுக்கு மது ஆகாது. டீ, காப்பிகூட ஆகாது. பலதார மணமோ ஒருகாலத்தில் அவர்கள் சமயக் கடமையாகவே ஏற்றிருந்த வழக்கம். 1890-இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அறிக்கை வெளியிட்டு அதைக் கைவிடச் செய்தார். ஆக, மதுவைத் தொடாதவர்களின் ஊரில், மதுப்புட்டியின் மேலேயே, அவர்கள் பேசவிரும்பாத பழங்கதையை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

நான் கடவுளை நம்பாதவன். கல்லூரிக் காலத்தில் போன நம்பிக்கை, பிறகு திரும்பவில்லை. இந்தப் பெயரை முதலில் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். இன்றைக்கும் இது நல்ல கேலி என்றே சொல்வேன். ஏன் நல்ல கேலி என்று யோசிக்கப் போய்த்தான், நம்பாதவன் நம்புகிறவர்களுக்கு நடுவில் எப்படி வாழ்வது என்ற பெரிய கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

இந்தப் பீரைக் கொண்டுவந்த கிரெக் ஷிர்ஃப், பீருக்குப் பேர்போன மில்வாக்கியிலிருந்து யூட்டாவுக்கு வந்தவர். 1986-இல் பார்க் சிட்டி என்ற மலையூரில் வாசாட்ச் பீர் ஆலையைத் தொடங்கினார். காய்ச்சும் இடத்திலேயே பீரை ஊற்றிக் கொடுக்க அப்போது அங்கே சட்டம் இடம் தரவில்லை. சட்டமன்றத்தாரிடம் நடையாய் நடந்து அதை மாற்றவைத்து, அதன் பிறகுதான் தன் பீர்க்கடையைத் திறந்தார். மளிகைக் கடையில் விற்கும் பீரில் எடைக்கணக்கில் 3.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கக்கூடாது என்ற விதி 2019 நவம்பர் வரை நீடித்தது. சில உணவகங்களில் மது கலக்குமிடத்துக்கு முன்னால் ஏழடி உயரத் தடுப்பு இருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. நானே பார்த்திருக்கிறேன். பணிப்பெண் பனிக்கண்ணாடிக்குப் பின்னால் போவாள், நிழலாகக் கை அசையும், கோப்பையோடு வெளியே வருவாள். சாப்பிட வந்த பிள்ளைகள் கண்ணில் படக்கூடாதாம். அந்த விதியும் 2017-இல்தான் தளர்ந்தது. இத்தனைக்கும் 1933 டிசம்பர் 5 அன்று நாட்டின் மதுவிலக்கை முடித்துவைத்த 36-ஆவது வாக்கு, அதாவது தேவைப்பட்ட கடைசி வாக்கு, யூட்டாவினுடையதுதான்.

தான் ஏற்காத ஒரு சமயத்தின் ஒழுங்குக்குள் ஆண்டுக்கணக்கில் தொழில் செய்து, வரி கட்டி, அனுமதிக்காகக் காத்துக் கிடந்த மனிதரின் கேலி அது. உங்கள் விதிக்கு நான் அடங்குகிறேன், ஆனால் சிரிப்பை மட்டும் விடமாட்டேன் என்கிறது அந்தப் புட்டி. கீழே இருப்பவன் மேலே பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இது. நம்பாதவர்களுக்கு இந்தச் சிரிப்பு மூச்சு மாதிரி. அதை இழந்துவிட்டால் கசப்புதான் மிஞ்சும். அப்படிக் கசந்துபோன நாத்திகர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அருகில் நெடுநேரம் உட்கார முடியாது.

என்னோடு வேலை பார்த்த மார்மன் நண்பர் ஒருவர் இருக்கிறார். அலுவலக விருந்தொன்றில் யாரோ இந்தப் பீரை வரவழைக்க, மேஜையே சிரித்தது. அவர் தன் எலுமிச்சைச் சாற்றை நகர்த்தி வைத்துவிட்டு, புட்டியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமில்லை. தன் தாத்தாவின் அம்மா இரண்டாம் மனைவி என்று சொல்ல ஆரம்பித்தார். 1880-களில் மத்திய அரசு பலதார மணத்துக்காக ஆண்களைச் சிறையில் அடைத்தபோது, கைக்குழந்தையோடு அந்தப் பெண் வீடு வீடாக ஒளிந்து வாழ்ந்திருக்கிறாள். பேச்சு வந்ததும் குழந்தைக்கு அவள் முதலில் கற்றுக்கொடுத்த பாடம், அப்பா பெயரை யார் கேட்டாலும் சொல்லாதே என்பது. புட்டியிலிருந்த பெண்களை விரலால் தொட்டுக் காட்டி, இவர்களில் அவள் யாரென்று தெரியவில்லை என்றார்.

மார்மன்கள் ஆள்பவர்களாகவே பிறந்தவர்கள் இல்லை. 1838-இல் அவர்களை ஒழித்துக்கட்டவோ விரட்டவோ ஆணையிட்டார் மிசௌரி ஆளுநர். 1844-இல் இலினாய் மாநிலத்துச் சிறைக்குள் புகுந்த கும்பல் அவர்கள் சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. ஓடி ஓடி ஒதுங்கிய பாலைவனம்தான் யூட்டா. பீருக்கு அந்தப் பெயரை வைத்து ஷிர்ஃப் சிரிப்பது வேறு, நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு 'இந்த மார்மன் பைத்தியங்கள்' என்று சிரிப்பது வேறு. ஒரே புட்டிதான். முதல் சிரிப்புக்கு அவர் விலை கொடுத்திருக்கிறார். இரண்டாவதை எனக்குப் பிடிக்கவில்லை.

நம்மோடு தொடர்புள்ள ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்துப் பீர் ஆலை ஒன்று 'சிவா ஐபிஏ' என்று ஒரு பீர் விற்றது. இந்து அமைப்பினர் எதிர்த்தார்கள். இப்போது அதே பீர் 'பர்ஃபெக்ட் டே' என்ற பெயரில் வருகிறது. நம்பிக்கையில்லாத எனக்குக்கூட அந்தப் பழைய பெயர் உறுத்தியது. காரணம் பக்தி இல்லை. ஆஷ்வில்லில் யாரும் சிவனுக்கு அடங்கி வாழவில்லை, சிவனோடு யாருக்கும் சண்டையுமில்லை. அங்கே கேலியே கிடையாது. தெரியாத ஒருவரின் சாமி படம், பார்க்க அழகாக இருக்கிறதென்று எடுத்து ஒட்டியது, அவ்வளவுதான். சிவனைக் கிண்டல் செய்ய நம்மிடம் ஆளுக்கா பஞ்சம்? வழக்காட வந்த கிழவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசியதாகவும், அந்த ஏச்சிலேயே பாட்டைத் தொடங்கச் சொல்லி இறைவன் கேட்டதாகவும்தான் பெரியபுராணக் கதை. காளமேகம் சாமிகளை வைத வசவெல்லாம் கோயில் வாசலிலேயே புழங்குகிறது. உறவு இருந்ததால் அவர்கள் வைதார்கள். என் வீட்டில் அம்மாவிடம் அவள் முருகனைப் பற்றி நான் அடிக்கும் கிண்டலும் அந்த உரிமையில்தான். அவளும் பதிலுக்கு என்னைத் திட்டிவிட்டுத் திருநீற்றை நெற்றியில் அழுத்திப் பூசிவிடுவாள். துடைத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

பெல்ஜியத்திலும் இந்த உரிமைக் கேலியைப் பார்க்கலாம். டிராப்பிஸ்ட் துறவிகள் மடத்திலேயே பீர் காய்ச்சும் நாடு அது. அங்கேதான் சாத்தான், யூதாஸ், லூசிஃபர் என்றெல்லாம் பீர்கள் இருக்கின்றன. மூர்ட்காட் ஆலையின் 'டூவெல்' என்ற புகழ்பெற்ற பீருக்கு 1923-இல் வந்த அந்தப் பெயருக்குப் பொருள் பிசாசு. துறவியும் பிசாசும் ஒரே அலமாரியில் நிற்கிறார்கள். யாரும் புண்படுவதாகத் தெரியவில்லை. நூற்றாண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்ந்து பழகிய பேச்சு அது.

கேலிக்கு ஆளாகிறவர்கள் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்பதும் முக்கியம். மார்மன்களைக் கடுமையாகக் கிண்டலடித்த அவர்கள் வேதநூலின் பெயரிலேயே 'தி புக் ஆஃப் மார்மன்' என்ற இசை நாடகம் 2011-இல் பிராட்வேயில் வந்தது. பின்னர் அந்த நாடகத்தின் கையேட்டிலேயே, நாடகத்தைப் பார்த்தீர்கள், இனிப் புத்தகத்தைப் படியுங்கள் என்ற பொருளில் விளம்பரம் கொடுத்தது மார்மன் சபை. இப்படிப் பதில் சொல்லும் ஒரு சமயத்தின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. அதன் கடவுளை நம்பவேண்டிய அவசியம் இதற்கு இல்லை.

பாலிகமி போர்ட்டர் வந்த காலத்தில், அதன் விளம்பரப் பலகையை வைக்கமாட்டோம் என்று ஒரு நிறுவனம் மறுத்தது. செய்தி பரவி, பீர் பிரபலமானதுதான் மிச்சம். மறுத்தது சரியென்கிறார் என் நண்பர். விற்கட்டும், குடிக்கிறவர் குடிக்கட்டும், ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் சாலையில் தன் கொள்ளுப்பாட்டி வீட்டுக் கதை பத்தடி உயரத்தில் நிற்க வேண்டாம் என்பது அவர் கட்சி. சாலை எல்லோருக்கும் பொது, நம்பாதவனுக்கும் அதில் இடம் வேண்டும், பலகை நின்றிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் கொள்ளுப்பாட்டியின் கதையைக் கேட்ட பிறகும் நான் மாறவில்லை. அவரும் மாறவில்லை. யூட்டா போகும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் சாப்பாடு, இந்தச் சண்டையும் உண்டு.