விட்ட நீரும் விடாத பொறுப்பும்

ஒரு பொருளை எந்த வழியில் ஈட்டலாம், எந்த அளவில் நுகரலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்பதைப் பற்றி ஒழுக்கச் சிந்தனை நிறையவே பேசியிருக்கிறது. வேண்டாம் என்று ஆன பிறகு அதை எங்கே, எப்படி விடுவது என்ற கேள்விக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் தத்துவ அறிஞர் ஜான் லாக் உடைமைக்கு ஒரு நியாயம் வகுத்தார்: மனிதன் தன் உழைப்பைக் கலந்ததால் அந்தப் பொருள் அவனுடையதாகிறது. எந்தக் கட்டத்தில் அது அவன் பொறுப்பை விட்டு நீங்குகிறது என்பதை அந்த நியாயத்திலிருந்து பெற முடியாது. நம் அன்றாடப் பழக்கமோ இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது: கண்ணை விட்டு மறைந்தால் பொறுப்பும் முடிந்தது. இந்தப் பதில் தவறு என்பதே என் வாதம். அதைச் சோதித்துப் பார்க்க உப்புநீர் நீச்சல் குளத்தைக் காலி செய்யும் சிறிய வேலை ஒன்றே போதும்.

வீட்டுக் கொல்லையில் இருக்கும் உப்புநீர்க் குளத்தில் குளோரின் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். இருக்கிறது. நீரில் கரைத்த உப்பை மின்பகுப்புக் கருவி குளோரினாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து மருந்து கொட்டும் வேலை மட்டும்தான் இல்லை. அந்தக் குளோரினைப் போக்குவது எளிது. கருவியை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டால் போதும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் இருக்கிறது. உப்பு அப்படியல்ல. அது சிதையாது, ஆவியாகாது, நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதுமில்லை. லிட்டருக்கு 3.2 கிராம் உப்புள்ள 75,000 லிட்டர்க் குளத்தைத் திறந்துவிட்டால் 240 கிலோ உப்பு வெளியேறுகிறது. புல்தரையில் விட்டால் சோடியம் களிமண்ணின் துகள்களைப் பிரித்து மண்ணை இறுக்கிவிடும். பிறகு மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. மழைநீர் வடிகாலில் விட்டால், பல ஊர்களில் அது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே ஓடைக்குப் போகிறது. பாதாளச் சாக்கடையில் விட்டால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். ஆனால் வழக்கமான சுத்திகரிப்பு முறைகள் கரைந்த உப்பைத் தொடுவதே இல்லை. நிலையத்துக்குள் வந்த உப்பு அப்படியே மறுபுறம் வெளியேறுகிறது.

இதன் விளைவு என்னவென்று கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கு காட்டியது. அங்கே சுத்திகரித்த கழிவுநீர் சாண்டா கிளாரா ஆற்றில் கலக்கிறது. ஆறு மேற்கே வென்சுரா மாவட்டத்துக்குப் போகிறது. அங்கே அவகாடோவும் ஸ்ட்ராபெரியும் பயிராகின்றன. அவகாடோ மரத்துக்குக் குளோரைடு ஆகாது. வேர் வழியே ஏறி இலையில் சேர்ந்து நுனியிலிருந்து கருக்கிக்கொண்டு வரும், காய்ப்பும் குறையும். அந்தப் பயிர்களைக் காக்க ஆற்று நீரில் குளோரைடு லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். மேலே சொன்ன குளத்து நீரில் அது ஏறக்குறைய 1,940. அந்த ஊரில் முதன்மையான குற்றவாளியாக அகப்பட்டது குளமல்ல. வீடுகளில் கடின நீரை மென்மையாக்கும் கருவி. அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் உப்புக் கரைசலைச் சாக்கடையில் தள்ளுகிறது. குளமானாலும் கருவியானாலும் உப்பு போகும் வழி ஒன்றே. வீட்டுக்காரர் குழாயைத் திறந்ததற்கும் கீழே எங்கோ ஒரு விவசாயியின் மரம் கருகியதற்கும் நடுவே பல மைல் தூரமும் ஆயிரக்கணக்கான வீடுகளும் இருந்தன. பொறுப்பு கரைந்துபோனதாகத் தோன்றியது. உப்போ கரைந்த பின்னும் மறைந்துபோகவில்லை.

விடுவதும் ஒரு செயலே, அதற்கும் ஒழுக்கம் உண்டு என்று சில சமய மரபுகள் வெகு காலம் முன்பே கண்டிருந்தன. அவற்றுள் துறவு மரபுகள் முன் வரிசையில் நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் விட்டவர்களுக்குத்தான் விடுவதன் நுட்பம் புரிந்திருக்கிறது. சமணத் துறவி காக்க வேண்டிய ஐந்து சமிதிகளில், அதாவது கவன நெறிகளில், ஒன்று முழுக்க இதற்கானது. மலம், சிறுநீர், சளி, உதவாத பொருள் எதுவானாலும் உயிரற்ற இடம் பார்த்து, கவனத்தோடு விட வேண்டும். நீரை வடிகட்டினால் துணியில் தங்கிய உயிர்களை எந்த நீர்நிலையிலிருந்து எடுத்தார்களோ அதிலேயே சேர்க்க வேண்டும் என்ற வழக்கமும் அவர்களிடம் உண்டு. பௌத்தத் துறவியருக்கான விதித் தொகுப்பாகிய விநயத்தில், உயிர்கள் இருப்பதாகத் தெரிந்த நீரைப் புல்லிலோ மண்ணிலோ ஊற்றுவது பிக்குவுக்குக் குற்றம். யூதர்களின் தால்முதில் ஒரு கதை வருகிறது. ஒருவன் தன் நிலத்துக் கற்களைப் பொறுக்கிப் பொதுவழியில் எறிகிறான். உனக்குச் சொந்தமில்லாத இடத்திலிருந்து எடுத்து உனக்குச் சொந்தமான இடத்தில் ஏன் போடுகிறாய் என்று ஒரு பெரியவர் கேட்கிறார், அவன் சிரிக்கிறான். பின்னாளில் நிலத்தை விற்க நேர்கிறது. அந்த வழியே நடக்கும்போது தான் எறிந்த கல்லிலேயே தடுக்கி விழுகிறான். எது உண்மையில் தனதென்று அவன் போட்டிருந்த கணக்கையே அந்தக் கதை தலைகீழாக்கிவிடுகிறது: நிலம் கை மாறிப்போகும், வழி எப்போதும் எல்லாருக்கும்.

பழைய விதிகளுக்குள் இன்றைய சுற்றுச்சூழல் அக்கறையைத் திணிக்கிறீர்கள் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. சமணரின் கவலை வினை ஒட்டாமல் உயிரைக் காப்பது. ஆற்றின் குளோரைடு அளவு அவர்கள் அறியாதது. நீரைத் தோற்றிடத்துக்கே திருப்பும் வழக்கத்தைக் குளத்துக்குப் பொருத்தவும் முடியாது. வந்த நீர் வேறு, போகும் நீர் வேறு. ஆகவே அந்த விதிகளை நான் சான்றாகக் காட்டவில்லை. அவற்றின் அமைப்பைத்தான் எடுத்துக்கொள்கிறேன். செயல் எங்கே முடிகிறது என்பதை அவை கையிலிருந்து பொருள் நழுவும் கணத்தில் வைக்கவில்லை; அந்தப் பொருள் போய்ச் சேரும் இடத்தில் வைத்தன. காரணங்கள் வேறானாலும் இந்த எல்லைக்கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு, என் ஒரு குளத்தால் ஆற்றில் அளக்கக்கூடிய மாற்றமே வராதே என்பது. சாண்டா கிளாரிட்டாவில் இதற்கு இன்னும் கூர்மை உண்டு. குளோரைடின் ஒரு பகுதி வடக்கிலிருந்து கொண்டுவரும் குடிநீரிலேயே வந்துவிடுகிறது. அப்படியிருக்க என்னை ஏன் பிடிக்கிறீர்கள்? தத்துவ அறிஞர் டெரெக் பார்ஃபிட் 1984-இல் வெளியான தம் நூலில் இந்த வகைக் கணக்கையே ஒழுக்கக் கணிதப் பிழை என்று காட்டினார். பாலைவனத்தில் காயம்பட்ட பெருங்கூட்டம் தாகத்தால் தவிக்கிறது; அதே எண்ணிக்கையில் இருப்பவர்கள் ஆளுக்குச் சிறிதளவு நீரை ஒரு வண்டியில் ஊற்ற, அது எல்லாருக்கும் பங்கிடப்படுகிறது. ஒருவர் ஊற்றிய நீரால் எந்தக் காயக்காரருக்கும் உணரக்கூடிய மாற்றம் இல்லை. அதற்காக ஊற்றியது வீண் என்று யாரும் சொல்ல மாட்டோம். நன்மையில் ஒப்புக்கொள்ளும் கணக்கைத் தீமையில் மட்டும் மறுக்க வழியில்லை. குடிநீரோடு வரும் உப்பு என் பங்கை மன்னிப்பதும் இல்லை. வரம்பை நெருங்கிவிட்ட ஆற்றில் மேற்கொண்டு விழும் ஒவ்வொரு கிலோவும் கூடுதல் கனமுடையது.

உப்பு இயற்கைப் பொருள்தானே, கடலில் இதைவிடப் பத்து மடங்கு இருக்கிறதே என்பார்கள். இதில் ஒரு உண்மை உண்டு, அதை மதிக்க வேண்டும். சிட்னியின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து கழிவுநீர் குழாய் வழியே ஆழ்கடலுக்குப் போகிறது. அங்கே சாக்கடை வழியே போகும் குளத்து உப்பு கடலுக்குப் பொருட்டே இல்லை. அதே நீர் நன்னீர் ஓடையில் விழுந்தால் அங்குள்ள உயிர்களுக்கு அடி. எனவே எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது. எல்லா ஊருக்கும் பொருந்தும் கடமை ஒன்று உண்டு, அது போகுமிடத்தை அறிவது. உள்ளூர்க் கழிவுநீர் அலுவலகத்தைக் கேட்பது, அனுமதி இருந்தால் குளோரினைப் போக்கிவிட்டு மெதுவாக விடுவது, ஆர்.ஓ. கருவி பொருத்திய லாரி கிடைக்கும் ஊரில் நீரைக் குளத்திலேயே சுத்தப்படுத்துவது எல்லாம் அந்த அறிவிலிருந்து பிறப்பவை. எல்லாவற்றிலும் சிறந்தது காலி செய்யாமலே இருப்பது. நன்றாகப் பராமரித்த குளத்து நீரைப் பல ஆண்டுகள் மாற்ற வேண்டியதில்லை.

இது சட்டத்தின் வேலை, மனசாட்சியை ஏன் இழுக்க வேண்டும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சட்டம் வேண்டும்தான். ஆனால் கொல்லைப்புறத்தில் இரவில் திறக்கும் ஒரு குழாயை எந்த அதிகாரியும் காவல் காக்க முடியாது. மேலும், சட்டத்தைக் கொண்டுவரச் சம்மதிப்பவர்களும் குழாயைத் திறப்பவர்களே. சாண்டா கிளாரிட்டாவில் புதிய மென்னீர்க் கருவிகளை 2003-இல் தடைசெய்தார்கள். அது போதாமல், ஏற்கெனவே வீடுகளில் இருந்தவற்றையும் அகற்ற வேண்டும் என்ற தீர்மானம் 2008 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்து நிறைவேறியது. 2009 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்தது. உப்பைப் பிரிக்கும் ஆலை கட்டினால் கழிவுநீர்க் கட்டணம் ஏறும் என்ற பயமும் அந்த வாக்குகளில் கலந்திருந்தது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. கட்டணம் ஏறினால் கருவியே இல்லாத வீட்டுக்காரரும் அதைக் கட்ட வேண்டியிருக்கும். அந்த அநியாயத்தைக் கண்டதும் ஒழுக்கத்தின் பகுதிதான். தாங்கள் காசு கொடுத்து வாங்கிய கருவியைத் தங்கள் வாக்கினாலேயே மக்கள் அகற்ற ஒப்புக்கொண்டார்கள், ஆற்றின் கீழ்ப்புறத்தில் பெயர்கூடத் தெரியாத ஒருவரின் தோப்பு இருக்கிறது என்ற கணக்கில்.