என்னை அடக்கம் செய்வது யார் பொறுப்பு?





சென்ற வாரம் நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் அமெரிக்காவிலிருந்து போன் செய்தார். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். பெற்றோரையும் அங்கேயே அழைத்து வைத்திருக்கிறார். தந்தைக்கு 71 வயது. "ஹஜ்ரத், டிவியில் விளம்பரம் பார்த்துவிட்டு, அடக்கச் செலவுக்கென்று ஒரு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடு என்று அத்தா ஒரே பிடிவாதமாக இருக்கிறார். அது கூடுமா, கூடாதா?" என்று கேட்டார்.

சட்டத்தைச் சொன்னேன். பிறகு, "அத்தா எதற்காக அதைக் கேட்கிறார் என்று விசாரித்தீர்களா?" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. "எனக்குப் பாரமாகிவிடக் கூடாது என்கிறார், ஹஜ்ரத்" என்றார்.

அந்த வார்த்தை இந்த வாரம் முழுக்க என் மனதை விட்டுப் போகவில்லை. வயதான ஒரு முஸ்லிம், தன்னை யார் அடக்கம் செய்வார்கள் என்று கவலைப்பட்டு ஒரு கம்பெனியைத் தேடிப் போகிறார். அவர் செய்வது சரியா என்பது ஒரு கேள்வி. அவருக்கு அந்தக் கவலை ஏன் வந்தது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

அந்த பாலிஸி என்ன?

அமெரிக்காவில் ஒருவர் இறந்தால் அடக்கம் செய்வது பெரிய செலவு. அங்குள்ள இறுதிச்சடங்கு நடத்துவோரின் தேசிய சங்கம் 2023-ல் சொன்ன கணக்குப்படி, உடலைப் பார்வைக்கு வைத்து அடக்கம் செய்யும் சடங்கின் இடைநிலைச் செலவு சுமார் 8,300 டாலர். மையவாடியில் இடம் வாங்கும் பணம் இதில் சேராது. அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டம், தகுதியுள்ள வாரிசுக்கு ஒரே தடவையாகக் கொடுப்பது 255 டாலர் மட்டும். இந்த இடைவெளியைக் காட்டித்தான் இந்த இன்சூரன்ஸ் விற்கப்படுகிறது.

பெரும்பாலும் 50 முதல் 85 வயது வரை உள்ளவர்களுக்குக் கொடுக்கிறார்கள். மாதாமாதம் பிரீமியம் கட்ட வேண்டும். இறந்த பிறகு ஐயாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் டாலர் வரை ஒரு தொகை வரும். மருத்துவப் பரிசோதனை தேவையில்லை என்பார்கள். ஆனால் உடல்நிலையைப் பற்றி எதுவுமே கேட்காமல் கொடுக்கும் பாலிஸிகளில் முதல் இரண்டு, மூன்று வருடத்திற்குள் நோயால் இறந்துவிட்டால் முழுத்தொகை கிடைக்காது. கட்டிய பணமும், அதற்கு மேல் கொஞ்சமும்தான் திரும்ப வரும்.

உதாரணத்திற்கு ஒருவர் மாதம் 80 டாலர் கட்டுகிறார், தொகை 10,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கட்டி இறந்தால், கட்டியது 2,880, வருவது 10,000. பதினைந்து வருடம் உயிரோடு இருந்தால், கட்டியது 14,400, வருவது அதே 10,000. நடுவில் கட்ட முடியாமல் நின்றுவிட்டால் பாலிஸியே முறிந்து, கட்டியதும் போய்விடலாம். இன்னொரு விஷயம்: அந்தப் பணம் நியமிக்கப்பட்டவர் கைக்குத்தான் போகும். அவர் அதை அடக்கத்திற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று பொதுவாக எந்தக் கட்டாயமும் இல்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

எவ்வளவு கொடுப்போம், எவ்வளவு வரும் என்பது தெரியாமல் பணத்திற்குப் பணம் மாற்றும் ஒப்பந்தம் இது. இந்த நிச்சயமின்மையை ஃபிக்ஹில் "கரர்" என்கிறோம். கொடுத்ததை விடக் கூடுதலாகப் பெறுவதில் வட்டியின் அம்சமும், ஒருவருடைய ஆயுளின் மீது லாப நஷ்டம் வைப்பதில் சூதாட்டத்தின் சாயலும் இருப்பதாக உலமாக்கள் சொல்கிறார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிலையான பிரீமியம் கட்டும் வணிக இன்சூரன்ஸ் கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் நன்கொடை அடிப்படையிலான கூட்டுறவு முறைதான் அதற்கு மாற்று என்றும் முடிவு செய்தது.

வணிக இன்சூரன்ஸை அனுமதிக்கும் அறிஞர்கள் சிலரும் இருக்கிறார்கள். நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் சலுகை தருபவர்களும் உண்டு. ஆனால் ஒரு முஸ்லிமின் அடக்கத்தில் இந்த நிர்ப்பந்தம் உண்மையிலேயே இருக்கிறதா? இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும்.

முன்னேற்பாடு செய்வது தவக்குலுக்கு எதிரானதா?

சிலர், "மவ்த்துக்குப் பின்னால் நடப்பதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான், அதற்கெல்லாம் ஏற்பாடு எதற்கு?" என்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்குச் சொன்னதை நாம் அறிவோம். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, செல்வம் அனைத்தையும் தர்மம் செய்யலாமா என்று கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நபியவர்கள் அனுமதிக்கவில்லை. வாரிசுகள் மக்களிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதை விட, அவர்களைத் தேவையற்றவர்களாக விட்டுச் செல்வது சிறந்தது என்று விளக்கினார்கள்.

ஆகவே, பிள்ளைகளுக்குச் சிரமம் தரக்கூடாது என்று அந்தப் பெரியவர் நினைத்ததில் தவறில்லை. அது நல்ல எண்ணம். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வழிதான் நம் பேச்சு.

செலவு யார் மீது கடமை?

ஒரு முஸ்லிமைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, அடக்குவது ஃபர்ளு கிஃபாயா. யாராவது செய்தால் மற்றவர்கள் தப்பித்தார்கள். யாருமே செய்யாவிட்டால் தெரிந்திருந்த அனைவரும் பாவிகள். சமூகத்தின் மீதுள்ள இந்தக் கடனை எந்த பாலிஸியும் நம் தலையிலிருந்து இறக்காது.

பணம் எங்கிருந்து வரவேண்டும் என்பதற்கும் நம் இமாம்கள் வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் மய்யித்தின் சொந்தச் சொத்திலிருந்து. அடக்கச் செலவு போக மீதியில் கடன், பிறகு மூன்றில் ஒரு பங்கிற்குள் வஸிய்யத், அதற்குப் பிறகுதான் வாரிசுகளின் பங்கு. அவரிடம் எதுவும் இல்லையென்றால், உயிரோடு இருந்தபோது அவருக்குச் செலவு செய்யக் கடமைப்பட்டவர்கள் மீது. அவர்களுக்கும் இயலாவிட்டால் பைத்துல்மால். அதுவும் இல்லையென்றால் வசதியுள்ள முஸ்லிம்கள் மீது.

மகனே, கவனியுங்கள்! இயலாத தந்தைக்கு மருந்து வாங்கித் தருவது எப்படி உங்கள் கடமையோ, அப்படித்தான் அவருடைய கஃபனும். அது நீங்கள் அவருக்குச் செய்யும் உதவி அல்ல. அவர் உங்களிடம் கேட்டுப் பெற வேண்டியதும் அல்ல.

செலவைப் பெருக்கியது யார்?

நபி (ஸல்) அவர்கள் மூன்று வெள்ளைப் பருத்தித் துணிகளில் கஃபனிடப்பட்டார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில், தாம் அணிந்திருந்த பழைய துணியைக் கழுவி அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கஃபனிடச் சொன்னார்கள். இது பழையதாயிற்றே என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, புதுத் துணிக்கு இறந்தவரை விட உயிரோடிருப்பவரே உரிமையுள்ளவர் என்று பதில் சொன்னார்கள். உஹதில் ஷஹீதான முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு போர்வை. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியாலும், கால்களை இத்கிர் புல்லாலும் மூடி அடக்கினார்கள். மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்தவர் அவர்!

உடலைப் பதப்படுத்துவது, அலங்காரப் பெட்டி, பார்வைக்கு வைக்க மண்டபம் ஆகிய எதையும் மார்க்கம் கேட்கவில்லை. அமெரிக்காவிலும் இவையெல்லாம் இல்லாமல், வாகனத்திற்கும் கப்ருக்கும் மட்டும் பணம் கொடுத்து எத்தனையோ ஜனாஸாக்களை அங்குள்ள பள்ளிவாசல்கள் நடத்துகின்றன. குளிப்பாட்டுவதைச் சகோதரர்களே அல்லாஹ்வுக்காகச் செய்கிறார்கள்.

"என்னை ஊர் மையவாடியில்தான் அடக்க வேண்டும்" என்று வெளிநாட்டிலுள்ள பல பெரியவர்கள் சொல்கிறார்கள். உணர்வு புரிகிறது. ஆனால் உடலைப் பதப்படுத்தி, பெட்டியில் அடைத்து, விமானத்தில் அனுப்பும் செலவும் தாமதமும் எவ்வளவு! உஹது ஷஹீதுகளை மதீனாவுக்குக் கொண்டுவந்தபோது, அவர்கள் விழுந்த இடத்திலேயே அடக்கும்படி நபியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபு நூல்கள் மய்யித்தைத் தூர ஊருக்குக் கொண்டுபோவதை விரும்புவதில்லை. பூமி முழுவதும் அல்லாஹ்வுடையதுதானே!

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துவிட வேண்டாம். நம் ஊரில் கப்ருக்கு ஜமாஅத் இடமிருக்கிறது. கஃபன் துணிக்குச் சில ஆயிரம் கூட ஆகாது. அப்படியிருந்தும் ஒரு மவ்த்து நடந்தால் குடும்பம் ஏன் கடன் வாங்குகிறது? பந்தல், நாற்காலி, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு, மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் பிரியாணி. ஹிஜ்ரி 8-ல் முஃதா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அந்தக் குடும்பத்திற்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபியவர்கள் மற்றவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். துக்கத்தில் இருப்பவர் சமைக்கிறார், ஊர் சாப்பிடுகிறது. அதுவும் சொத்தைப் பிரிப்பதற்கு முன், சகோதரிகளின் பங்கும் அனாதைகளின் பங்கும் சேர்ந்திருக்கும் பணத்தில்! பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள் என்றால், அந்தப் பாரத்தில் பெரும்பகுதியை ஏற்றியது நாம்தான்.

என்ன செய்யலாம்?

பெரியவர்களே! வசதியிருந்தால் அடக்கத்திற்கென்று ஒரு தொகையைத் தனியாக, வட்டியில்லாத கணக்கில் வையுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள், தாம் இறந்தபின் இன்னாருக்குப் போய்ச்சேரும் என்று வங்கிக் கணக்கிலேயே பெயர் எழுதி வைக்கலாம். ஆனால் அந்தப் பணம் உங்கள் சொத்துதான் என்பதை மறக்க வேண்டாம். நிஸாபை அடைந்தால் ஸகாத் உண்டு. அடக்கத்திற்குப் போக மிஞ்சியது, கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் எல்லா வாரிசுகளுக்கும் உரியது, பெயர் எழுதப்பட்டவருக்கு மட்டுமல்ல. இதை வஸிய்யத்தில் எழுதுங்கள். ஆடம்பரம் வேண்டாம், இறந்த ஊரிலேயே அடக்குங்கள் என்பதையும் எழுதுங்கள்.

அடக்கச் செலவை விட, உங்கள் கடன்களைப் பற்றி அதிகம் கவலைப்படுங்கள். கடனுள்ள ஒருவரின் ஜனாஸா வந்தபோது நபியவர்கள் தாம் தொழவைக்காமல் நின்றார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகுதான் தொழவைத்தார்கள். கஃபன் துணி இல்லை என்பதற்காக அவர்கள் யாருக்கும் அப்படி நின்றதில்லை.

ஏற்கனவே பாலிஸி எடுத்தவர்கள் பதற வேண்டாம். உங்கள் ஊர் ஆலிமிடம் பத்திரத்தைக் காட்டி, எப்படி வெளியேறுவது, கட்டிய தொகைக்கு மேல் வருவதை என்ன செய்வது என்று கேளுங்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! மலேசியாவில் பள்ளிவாசல்தோறும் "கைராத் கெமாதியான்" என்ற மரண உதவி நிதி உண்டு. குடும்பங்கள் வருடத்திற்கு ஒரு சிறு தொகையைக் கொடுக்கின்றன, யார் வீட்டில் மவ்த்து நடந்தாலும் அடக்கச் செலவு அதிலிருந்து போகிறது. இலங்கையிலும் ஊர்தோறும் ஜனாஸா நலன்புரிச் சங்கங்கள் இயங்குகின்றன. அஷ்அரீ குலத்தார் உணவு குறைந்தால், இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று நபியவர்கள் பாராட்டினார்கள். நம் மஹல்லாவிலும் அப்படி ஒரு நிதியை ஏன் தொடங்கக் கூடாது? பணம் கொடுக்க இயலாதவருக்கும் அதில் கப்ரு இருக்க வேண்டும்.

பிள்ளைகளே! இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் தாய் தந்தையின் பக்கத்தில் உட்காருங்கள். "உங்களை என் கையால் குளிப்பாட்டி, நானே தொழவைத்து, கப்ரில் இறக்குவேன், அதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம்" என்று சொல்லுங்கள். எப்படிக் குளிப்பாட்டுவது என்று தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள், வாருங்கள், நான் சொல்லித் தருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மூதாட்டி, முந்தானையில் முடிந்திருந்த 3,000 ரூபாயை என்னிடம் கொடுத்து, "ஹஜ்ரத், இத வச்சுக்கங்க, நான் மவ்த்தாயிட்டா என் கஃபனுக்கு" என்றார். அவருக்கு மூன்று மகன்கள். மூவரும் நல்ல நிலையில் இருப்பவர்கள். "பிள்ளைகளிடம் கொடுக்கலாமே, அம்மா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார். அவர் இறந்தபோது மகன்கள் செலவில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தை நான் அவர்களிடம் கொடுத்து, எதற்காகத் தந்தார் என்று சொன்னபோது, மூத்தவர் பள்ளிவாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் செய்யத்தான் போகிறார், செய்யவும் செய்தார். தாயிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

நீங்கள் சொல்லிவிடுங்கள், இன்றைக்கே.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் முதுமையைக் கண்ணியமாக்குவாயாக. அவர்களின் கடமைகளை மனமுவந்து செய்யும் பிள்ளைகளாக எங்களை ஆக்குவாயாக. கடனில்லாத மவ்த்தையும், ஈமானோடு கூடிய முடிவையும், விசாலமான கப்ரையும் எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.